துண்டு போட்ட சீட்டு

ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கும் ஏழு மணி பஸ்ஸுக்கு ஆள் முக்கியமில்லை, துண்டுதான் முக்கியம். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு உள்ளே விழுந்துவிட வேண்டும். விழுந்த இடம் போட்டவருக்குச் சொந்தம். அதை ஒதுக்கிவிட்டு உட்காருகிறவர், இந்த ஊரில் அடுத்தவர் சோற்றில் மண்ணள்ளிப் போட்டவருக்குச் சமம்.

ஐந்து வருடம் முன்பு இதே பஸ் பாதி காலியாகப் போகும். இப்போது குளுகுளுவென்று இருக்கிறதென்று சேலத்துக்காரர்கள் இங்கே வீடு கட்டிக்கொண்டு, பிழைக்க மட்டும் கீழே இறங்குகிறார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்த ரிசார்ட் பெண்கள், பாங்குக்காரர்கள், கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்கள் என்று எல்லாரும் அதே பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாது. முழங்கை பேசுவது மட்டும் எல்லாருக்கும் புரியும்.

மேனகா மலைக்கிராமமான மஞ்சக்குட்டைக்காரி. சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒன்பது மணிக்குள் போக வேண்டும். ஏற்கெனவே அந்த வாரம் இரண்டு நாள் தாமதம். "மூணாவது தடவை லேட்டானா வரவே வேண்டாம்மா" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அன்று பார்த்து மலைப்பாதையில் சோதனை என்று கண்டக்டர் யாரையும் நிற்க விடவில்லை. சீட்டு கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு சீட்டில் துண்டு மட்டும் கிடந்தது. மேனகா அதை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரி கண்ணு. அது கார்த்தி சீட்டு" என்றார் பக்கத்து ஜன்னலோரம் இருந்த தங்கராஜ். ஏரிக்குப் பக்கத்தில் மாடி வீடு கட்டியிருப்பவர், சேலத்தில் பாத்திரக்கடை.

"ஏனுங்க, அவரு இன்னும் வரலைங்களே. எனக்கு வேலைக்கு நேரமாச்சுங்க."

"அடுத்த ஸ்டாப்புல ஏறுவான். எங்களுக்கும் வேலைதான். மலைக்காட்டுல இருந்து எல்லாரும் ஆபீஸுக்குக் கெளம்பிட்டா நாங்க எங்க உக்காருறது?"

மலையில் பிறந்தவளைப் பார்த்து, மலைக்கு வந்து நாலு வருடமான ஆள் கேட்ட கேள்வி. கண்டக்டர் கதவைத் தட்டினார். "எறங்குங்கம்மா, நேரமாகுது."

இறங்கினாள். ஜன்னல் வழியாகத் துண்டு மட்டும் தெரிந்தது. டீக்கடைக்காரர் வெள்ளையன் கிளாஸ் கழுவிக்கொண்டே, "கார்த்தி ரெண்டு நாளா ஊர்லயே இல்லீங்களே, மச்சான் கல்யாணத்துக்குப் போயிருக்கான்" என்றார்.

அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால். மேனேஜர் வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அது அவள் சொந்தமாக வாங்கியது.

மறுநாள் போக வேலையில்லை. ஆனாலும் நாலு மணிக்கே எழுந்துவிட்டாள். ஊரிலிருந்து ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்குக் காத்திராமல் காபித் தோட்டங்களின் ஓரமாக நடந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வேலைக்காக ஒரு நாளும் நடக்காத தூரம் அது. கோபத்துக்காக நடந்தாள். பஸ் திரும்பும்போதே கோட்டைச் சுருட்டி, தங்கராஜின் ஜன்னலோர சீட்டில் குறி பார்த்து எறிந்தாள்.

தங்கராஜ் வந்து பார்த்தார். "இது ஆரோடது?"

"என்னோடதுங்க. போட்டவங்க சீட்டுதானுங்களே" என்று மேனகா கோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மற்ற இடமெல்லாம் நிறைந்திருந்தது. தங்கராஜோடு தினமும் போகிற கூட்டாளிகள் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டார்கள். மேனகாவுக்கு வயிறு குளிர்ந்தது. கண்டக்டர் எண்ணினார். "ரெண்டு பேர் அதிகம். எறங்குங்க, இன்னைக்கும் செக்கிங்."

ஒருவர் தங்கராஜ். அவருக்குப் பின்னால், சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண். கழுத்தில் புத்தம்புது அடையாள அட்டை: கீர்த்திகா.

"அண்ணா, கொட்டச்சேட்டுல இருந்து வாரனுங்க. இன்னைக்குத்தான் வேலைக்கு மொத நாளுங்க" என்றாள் அவள் கண்டக்டரிடம்.

மேனகாவின் கை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தது. எழுந்தால் ஒரு இடம் காலியாகும். ஆனால் தங்கராஜ்தான் முன்னால் நின்றார். தோளில் கிடந்த துண்டு அதற்குள் அவர் கைக்கு வந்திருந்தது.

எழ முடியவில்லை. அவர் உட்காருவதைப் பார்ப்பதைவிட இருவருமே உட்காராமல் போகட்டும் என்றிருந்தது.

"டிக்கெட் எங்கம்மா?" கண்டக்டர் கேட்டார்.

"அடிவாரம் ஒண்ணுங்க." அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கித் திரும்பி வர வேண்டியதுதான்.

இருவரையும் இறக்கிவிட்டு பஸ் நகர்ந்தது. தங்கராஜ் கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் கூட வந்தார். கீர்த்திகா கத்தவில்லை. நின்ற இடத்திலேயே நின்று மேனகாவைப் பார்த்தாள். நேற்று அதே இடத்தில் நின்று மேனகா அந்தத் துண்டை அப்படித்தான் பார்த்திருந்தாள்.