மூன்று நாளைக்குச் சாவி

மண்டியாவில் போக்கியத்துக்கு வீடு பிடிக்கிறவனுக்குத் தெருவே சட்டம் சொல்லிக் கொடுக்கும். மொத்தப் பணத்தைக் கொடு, வாடகை இல்லாமல் இரு, கெடு முடிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடு. பணம் முதலில், சாவி பிறகு. புட்டதாயம்மாவுக்கு இது தெரியும். அவள் கணவன் ஜவரப்பாவுக்கும் தெரியும். ஆனால் ஜவரப்பா நல்ல மனுஷன். தெரிந்ததையெல்லாம் மறக்கடிக்க அந்த ஒரு குணம் போதும்.

சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதையும் நிங்கேகவுடரிடம் கொடுத்துத்தான் இந்த வீட்டில் குடியேறினார்கள். பிள்ளை இல்லாத இருவருக்கும் அந்தப் பணமே பிள்ளை. கவுடர் குடும்பத்தோடு மைசூருக்குப் போய்விட்டார். கெடு முடிந்து பணத்தைக் கேட்டபோதெல்லாம், "கரும்புக் காசு வரட்டும் ஜவரண்ணா" என்றார். கரும்பு வெட்டினார்கள், ஆலை அரைத்தது, சர்க்கரையும் ஊரைத் தாண்டிப் போயிற்று. காசு மட்டும் வரவில்லை.

புட்டதாயம்மா கோர்ட்டுக்கு எதிரே உட்காரும் வக்கீலம்மாவிடம் போக்கியப் பத்திரத்தைக் காட்டினாள். அந்தம்மா புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதைப் பதிவே பண்ணலையேம்மா. வெறும் முத்திரைத் தாள்ல கையெழுத்து. கேஸ் போடலாம், வருஷக்கணக்கா இழுக்கும். இப்போதைக்கு உங்களுக்கு இருக்கிற ஒரே பலம் என்ன தெரியுமா? நீங்க அந்த வீட்டுக்குள்ள இருக்கிறதுதான். பணம் கைக்கு வராம வெளிய கால் வைக்காதீங்க."

அதற்கு அடுத்த வாரம்தான் கவுடரின் மனைவி தேவீரம்மா தேங்காயும் வெற்றிலையும் கல்யாணப் பத்திரிகையுமாக வந்தாள். மகள் ஸ்பூர்த்திக்குக் கல்யாணம்.

"அக்கா, பச்சைப் பந்தல் பொண்ணோட சொந்த வீட்டு வாசல்லதானே போடணும்? மைசூர்ல நாங்களே வாடகைக்கு இருக்கோம். அவ பொறந்து வளந்தது இங்கதான். மூணே நாள் நீங்க எங்கயாவது இருந்துட்டீங்கன்னா, சாமி ரூம்ல விளக்கேத்தி, மஞ்ச பூசி, பொண்ண இந்த வாசல்லருந்து அனுப்பிடுவேன்."

புட்டதாயம்மா வெற்றிலையைத் தொடவில்லை. "பின்னாடி ரூம்ல நாங்க ஒரு ஓரமா இருந்துக்கிறோமே தேவீரா. வேலைக்கும் கை கொடுத்த மாதிரி ஆச்சு."

"நாப்பது சனம் வருதுக்கா. படுக்கவே எடம் பத்தாது. உங்க சாமானை எல்லாம் அந்த ரூம்ல போட்டுப் பூட்டிக்கங்க. ஒரு கரண்டி நகராது."

ஜவரப்பா அதற்குள் உருகிவிட்டார். "அதுக்கென்னம்மா! கல்யாணத்துக்குக் குறுக்க நிக்கிற பாவத்தை நாங்க ஏன் சுமக்கணும்? என் தங்கச்சி வீடு மத்தூர்லதான இருக்கு" என்று சொல்லி, வெற்றிலையை அவரே எடுத்துக்கொண்டார். அந்த ஊரில் வெற்றிலையை எடுத்தால் வாக்குக் கொடுத்த மாதிரி.

தேவீரம்மா போனதும் புட்டதாயம்மா கணவனைப் பிடித்துக்கொண்டாள். "வக்கீலம்மா சொன்னது காதுல விழுந்துச்சா, இல்ல ஆலைச் சங்கு கேட்டுக் கேட்டுக் காதே போச்சா?"

"கவுடர் அப்படிப்பட்டவர் இல்லடி. பொண்ணு கல்யாணத்துல யாராவது பொய் சொல்லுவாங்களா?"

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் கல்யாணப் பந்தலுக்கு வாசலைத் தரமாட்டேன் என்று சொன்ன பெண் என்று அந்தத் தெரு காலம் முழுக்கத் தன்னைப் பேசும் என்பதும் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டாள். அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

பந்தல் நாளன்று காலையிலேயே பெண்ணின் தாய்மாமன் நாவல் கிளைகளும் அத்திக் கொம்பும் கொண்டுவந்து இறக்கினார். வாசலில் பச்சைப் பந்தல் எழும்பியது. உள்ளே அடுப்பில் ஒப்பட்டுப் போளிக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஸ்பூர்த்தியை மணையில் உட்காரவைத்து மஞ்சள் பூசினார்கள். பூசிய பிறகு பெண் வாசற்படி தாண்டக் கூடாது. தாண்டினால் காத்துக் கறுப்பு அண்டும் என்பார்கள். வேலியில்லாத வேலி அது.

ஜவரப்பா சாவியைத் தாம்பூலத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் கவுடரிடம் நீட்டினார். கவுடர் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, தட்டை அப்படியே பந்தக்காலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தார். புட்டதாயம்மா அதைப் பார்த்தாள். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள்.

"தாயவ்வா! நில்லுங்க!"

திரும்பினாள். ஸ்பூர்த்தி வாசற்படியில் நின்றாள். கன்னத்திலிருந்து மஞ்சள் கழுத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. சின்ன வயசில் இந்தப் படியில் உட்கார்ந்து பாடம் படித்தவள். போன தீபாவளிக்கு வந்தபோதும் இதே படியில் உட்கார்ந்து, "தாயவ்வா, காபி" என்று அதட்டியவள். ஒரு நொடி குனிந்து படியைப் பார்த்தாள். பிறகு தாண்டினாள்.

"அய்யோ, பொண்ணு வெளிய வந்துருச்சே!" என்று பெண்கள் அலறினார்கள். தேவீரம்மா தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். ஸ்பூர்த்தி ஸ்டூல் மேல் இருந்த தட்டிலிருந்து சாவியை மட்டும் எடுத்தாள். நேராக வந்து புட்டதாயம்மாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள். மஞ்சள் அவள் கையிலும் ஒட்டியது.

"போகாதீங்க. கார் டிக்கியில புதுப் பூட்டு இருக்கு. மண்டபத்துக்குக் கிளம்பினதும் அப்பா பூட்டிடப் போறாரு. வீட்டை விக்க அட்வான்ஸ் வாங்கியாச்சு. வாங்கறவர்கிட்ட 'ஆள் தானாவே காலி பண்ணிட்டாங்க'ன்னு போன்ல சொன்னதை நானே கேட்டேன்."

தாய்மாமன் கையிலிருந்த கிளையைக் கீழே போட்டுவிட்டுக் கவுடரைப் பார்த்தார். கவுடரின் முகம் வெளுத்துப்போயிற்று.

"யாருக்காகடி?" என்றார். "உனக்குத்தானே! நகை, மண்டபம், சாப்பாடு எல்லாம் எங்கருந்து வருதுன்னு நெனச்ச? எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

"தெரியும்ப்பா. அதனாலதான் சொல்றேன். இவங்க வயித்தெரிச்சலக் கழுத்துல மாட்டிக்கிட்டு நான் மணையில உக்கார மாட்டேன்."

ஜவரப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அறுபதைத் தாண்டிய ஆளின் முகத்தில் அடிவாங்கிய குழந்தையின் திகைப்பு. புட்டதாயம்மா அவரைப் பார்க்கவில்லை. சாவியை இடுப்பில் செருகினாள். பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"வெளிய நிக்காத. வா, உள்ள போலாம்."

தானே முதலில் படியேறி, பெண்ணை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்: "பந்தல் இங்கயே இருக்கட்டும். விளக்கு இங்கயே எரியட்டும். நாங்களும் இங்கயே இருக்கோம்."

சடங்கு நடந்தது. யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எதுவும் நிற்கவில்லை. பெண்ணைக் கிளப்பும்போது மடியில் அரிசி கட்டுகிறவர்கள் வரிசையில் புட்டதாயம்மாவும் நின்றாள். அவள் முறை வந்ததும் ஸ்பூர்த்தி காதோடு சொன்னாள்:

"எங்கப்பாவை மன்னிச்சிருங்கன்னு கேக்க மாட்டேன் தாயவ்வா. பணம் வர்ற வரைக்கும் சாவிய மட்டும் விட்டுராதீங்க."

புட்டதாயம்மா அரிசியை அவள் மடியில் கட்டினாள். அரிசியில் கண்ணீர் விழுந்தது. பெற்றிருந்தால் இவளைத்தான் பெற்றிருக்க வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் மண்டபத்தில் தாலி கட்டி, பெண் புருஷன் ஊருக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பந்தலைப் பிரிக்கக் கவுடர் தனியாக வந்தார். வாடிய நாவல் கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். வேலை முடிந்ததும் வாசற்படிக்குக் கீழே வந்து நின்றார். அவர் அப்பா கட்டிய வீடு அது.

"கொஞ்சம் தண்ணி கொடுங்கக்கா."

அந்த ஊரில் தண்ணீர் கேட்டு வந்தவனை உள்ளே கூப்பிட்டு, வெல்லக்கட்டி கொடுத்து, உட்காரவைத்துத்தான் தண்ணீர் கொடுப்பார்கள். புட்டதாயம்மா அதுவரை அதில் தவறியதே இல்லை.

செம்பில் தண்ணீரும், உள்ளங்கையில் வெல்லமும் கொண்டுவந்தாள். படிக்கு உள்ளே நின்றபடியே கையை நீட்டினாள். கவுடர் குடித்து முடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். படியைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. அவர் போகும்வரை நின்றிருந்து, கதவைத் தாழிட்டு, அதன் மேலேயே சாய்ந்துகொண்டு அழுதாள்.