முதலாளிக்குக் கட்டிய கயிறு

எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். மூட்டை தூக்கும் ஜடையன் தன் முதலாளி சுரேந்தருக்குத் தர வேண்டிய பாக்கி அது. வாங்கியது பன்னிரண்டாயிரம். வாரம் நூற்றிருபது வீதம் இருபத்தெட்டு வாரம் கழித்தது போக மீதி. எதற்கு வாங்கினான் என்றால், பல் செட்டுக்கு.

ஐம்பத்தெட்டு வயதில் மேலும் கீழும் புதுப்பல் கட்டிக்கொண்டவனுக்குச் சோளக்கதிரைக் கடிக்க முடிந்தது, முறுக்கைக் கடிக்க முடிந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை. தேவராஜ மொஹல்லா பேட்டையில் இருக்கும் முதலாளியின் வெல்ல மண்டியில் யாராவது வேடிக்கையாக எதையாவது சொல்லி, ஜடையன் வாயைத் திறந்தால் போதும், கல்லாவிலிருந்து சுரேந்தர் குரல் வரும்.

"பாத்து சிரி ஜடையா. அது என் பல்லு."

மண்டியே சிரிக்கும். ஜடையன் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வான். இன்னும் எழுபத்திரண்டு வாரம் இப்படித்தான் மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மனத்துக்குள் கணக்குப் போடுவான். கணக்கும் அவனுக்கு இப்போது வரும். ஐம்பத்திரண்டாம் வயதில் முதியோர் வகுப்புக்குப் போய்க் கன்னட எழுத்துக் கற்றவன். அன்றிலிருந்து கண்ணில் படுகிற போர்டை முழுதாகப் படித்து முடிக்காமல் ஓர் அடி நகரமாட்டான். தலையில் இரண்டு பெட்டி வெல்லம் இருந்தாலும் நின்று, எழுத்துக் கூட்டி, "இங்கு வண்டி நிறுத்தக் கூடாது" என்று கடைசிப் புள்ளி வரைக்கும் படித்த பிறகுதான் நடப்பான். பின்னால் வருகிற தள்ளுவண்டிக்காரர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். காசு கொடுக்காமல் கிடைக்கிற படிப்பு.

சுரேந்தருக்கு ஒரு நாய். முப்பத்தாறு கிலோ. நிறத்தைப் பார்த்துக் கேசரி என்று பெயர் வைத்திருந்தார். புரட்டாசி பிறக்கும் முன்னால் கேசரிக்கு முதுகில் சொறி பிடித்தது. குண்டலுபேட்டையிலிருந்து மஞ்சள் கொண்டுவரும் சிவகுமார், "மருந்தெல்லாம் எதுக்கு சார், கடல் தண்ணில ஒரு முழுக்கு போட்டா ஓடிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சிவகுமார் கடலைப் பார்த்ததில்லை. சுரேந்தரும் பார்த்ததில்லை. அதனால் இரண்டு பேருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. மங்களூருக்கு வடக்கே எங்கேயோ ஒரு கடற்கரை, ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவாயிற்று. நாயைப் பிடித்துக்கொள்ள ஜடையனும் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை சுரேந்தரின் மனைவி லீலா மண்டிக்கு வந்தார். ஜடையனைத் தராசு ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஜடையண்ணா, கடலுக்கு வர்றீங்கதானே?"

"வரேனுங்கம்மா. நாயைப் புடிச்சுக்கச் சொன்னாருங்க."

"நாயை விடுங்க. நீங்க இவரைப் புடிச்சுக்கணும்."

ஜடையனுக்குப் புரியவில்லை. லீலா விளக்கினார். போன வருஷம் ஊருக்கு வெளியே ஓர் ஏரியில் கேசரி கொக்கைத் துரத்திக்கொண்டு குதித்ததாம். பின்னாலேயே சுரேந்தரும் குதித்தாராம். செருப்பு, செல்போன், மண்டிச் சாவி எல்லாவற்றோடும். கேசரி அந்தக் கரையில் ஏறி உடம்பை உதறிவிட்டு நின்று வேடிக்கை பார்த்ததாம். சுரேந்தரை நாலு பேர் சேர்ந்து இழுத்தார்களாம்.

"இவருக்கு நீச்சல் வராது ஜடையண்ணா. ஏரிக்கே நாலு பேரு. இது கடலு. மழைக்காலம் வேற. நான் சொன்னா சும்மா இருன்றாரு. ரெண்டும் முழுசா வீடு வந்து சேரட்டும், உங்க பல்லுக் கணக்கை நான் பேசிக்கிறேன்."

எழுபத்திரண்டு வாரம். ஜடையன் அந்த நிமிஷமே ஒத்துக்கொண்டான்.

மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற விஷயம் ஒன்று உண்டு. முதுகிலிருந்து சரக்கு சரிந்தால் பிடிக்கக் கூடாது. விலகிக்கொள்ள வேண்டும். கீழே போகிற மூட்டைக்குக் கை கொடுத்தவன் இடுப்பு ஒடிந்து, அடுத்த மூட்டையைத் தூக்க வரமாட்டான். இதை முதலாளிக்கு எப்படியாவது கற்றுக் கொடுத்துவிட வேண்டும் என்று ஜடையன் நினைத்தான். சனிக்கிழமை காலை பத்துக் கிலோ வெல்லப் பெட்டி ஒன்றைச் சுரேந்தர் பக்கத்தில் வேண்டுமென்றே சரிய விட்டான்.

"விடுங்க முதலாளி! தொடாதீங்க!"

சுரேந்தர் கல்லாவைத் தாண்டிப் பாய்ந்து இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தார். பெட்டி நழுவி அவர் கால் கட்டைவிரலில் உட்கார்ந்தது.

"ஐயோ! ஏண்டா, பல்லு கட்டினப்ப கண்ணையும் கழட்டிட்டாங்களா?" என்று ஒற்றைக் காலில் குதித்தார்.

பத்துக் கிலோ வெல்லத்தையே விடாதவர் முப்பத்தாறு கிலோ நாயை விடவா போகிறார்? இவருக்குச் சொல்லித் தந்து ஆகப்போவதில்லை, கட்டித்தான் வைக்க வேண்டும் என்று ஜடையனுக்குத் தெளிவாகிவிட்டது. அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் அய்யாசாமியிடம் போய், கட்டைவிரல் தடிமனில் நாற்பதடி நூல் கயிறு வாங்கினான். நூற்றெண்பது ரூபாய். கையில் காசில்லை. "மண்டிக் கணக்குல எழுதிக்குங்க" என்றான்.

ஞாயிறு விடிவதற்கு முன்னால் கார் கிளம்பியது. லீலா முன்னால், ஜடையனும் கேசரியும் பின்னால். வழி நெடுக வந்த போர்டுகளை ஜடையன் படிக்கப் பார்த்தான். கார் வேகத்துக்கு முதல் இரண்டு எழுத்துதான் கிடைத்தது. அரை அரையாகப் படித்ததில் தலை சுற்றி, மலைப்பாதையில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தான். இரண்டு தடவையும் பல்லை முன்னதாகவே கழற்றிப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கடற்கரையில் இறங்கியதும் மூன்று பேரும் காரை ஒட்டியே நின்றார்கள். தண்ணீர் இவ்வளவு சத்தம் போடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மணலில் சிவப்புக் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கேசரி மட்டும் வாலை ஆட்டியது.

ஜடையன் கயிற்றை எடுத்தான். சுருளின் மேல் குங்குமம் அப்பியிருந்தான்.

"முதலாளி, இதை இடுப்புல கட்டிக்கோணுமுங்க."

"எதுக்கு?"

"மாதேஸ்வரன் மலையில வெச்சுக் கும்புட்டதுங்க. மொதல் தடவை கடலைப் பாக்கறவங்க கட்டிக்கோணும். எங்க ஹனூர்ப் பக்கம் அப்படித்தானுங்க வழக்கம்."

ஹனூரிலிருந்து கடல் எத்தனை தூரம் என்று சுரேந்தர் யோசித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மாதேஸ்வரன் பெயரைக் கேட்டதும் அவர் கை தானாகக் கும்பிட்டது. வருஷம் தவறாமல் மலைக்குப் போகிறவர்.

"காப்புக் கயிறுன்னா இவ்ளோ தடியா இருக்குமா? இவ்ளோ நீளமா?"

"மலை ஒசரமுங்களே."

லீலா திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஜடையன் மனத்துக்குள், 'அப்பனே மாதேஸ்வரா, பொய் சொன்னதுக்கு அடுத்த அமாவாசைக்கு வந்து தேங்காய் உடைக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டு, லாரியில் சரக்குக் கட்டுகிற முடிச்சாக முதலாளியின் இடுப்பில் போட்டான். அந்த முடிச்சை இழுக்க இழுக்க இறுகும். மறு முனையைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

அங்கே சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் இவர்களைப் பார்த்தது. முதலில் நாய், நாயைச் சங்கிலியில் பிடித்த மனிதர், அவரைக் கயிற்றில் பிடித்த இன்னொரு மனிதர். "யாரு யாரை மேய்க்கறாங்க?" என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டது காற்றில் நன்றாகவே வந்தது.

ஈர மணல் தொடங்கும் இடத்தில் ஆளுயரப் போர்டு ஒன்று. ஜடையன் நின்றுவிட்டான்.

"நடடா!"

"ஒரு நிமிசமுங்க. க-ட-ல்… சீ-ற்-ற-மா-க… உள்-ள-து."

"அது தெரியுது. கண்ணு இருக்கு."

"அ-லை-க்கு… மு-து-கை-க்… கா-ட்-டா-தீ-ர்-கள்."

"சரி சரி, நீ படி. நான் இங்கயே நிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே சுரேந்தர் கயிறு விட்ட மட்டும் நடந்தார். தண்ணீர் ஓரத்துக்குப் போனதும் குனிந்து கேசரியின் சங்கிலியைக் கழற்றினார்.

"ஏன் கழட்டறீங்க?" என்று லீலா கத்தினார்.

"உப்புத் தண்ணி பட்டா துரு புடிக்கும்! எழுநூறு ரூபாய்ச் செயின்!"

ஜடையன் மூன்றாவது வரியில் இருந்தான். "நா-யை-க்… க-ட்-டி-யே… வை-த்-தி-ரு-ங்-கள்." நிமிர்ந்து பார்த்தபோது கேசரி அலைக்குள் இருந்தது.

ஓர் அலை அதைத் தூக்கியது. திரும்பி வருகிற தண்ணீர் அதை உள்ளே இழுத்தது. பழுப்பு நுரையில் மஞ்சள் தலை மட்டும் தெரிந்தது. அதுவும் நேராகப் போகாமல் பக்கவாட்டில் போனது.

"கேசரீ!"

சுரேந்தர் பாய்ந்தார். கயிறு விண்ணென்று நின்றது. அவர் மணலில் குப்புற விழுந்தார். அடுத்த அலை வந்து முழங்காலை வாரிவிட்டது. அந்த மனிதரின் எடை தொண்ணூறு கிலோ. அது போக, கடலின் எடை. ஜடையன் மணலில் உட்கார்ந்து இரண்டு குதிகாலையும் ஊன்றி, லாரியிலிருந்து பாரம் இறக்குவது போல் முதுகைப் பின்னால் சாய்த்தான்.

"விடுறா கயித்தை! புள்ளை போகுதுடா!" சுரேந்தர் முடிச்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அது இறுகத்தான் செய்தது.

"விட மாட்டேனுங்க! நீங்க விடுங்க! சரிஞ்ச மூட்டையை விடுங்க முதலா—"

அந்த 'ளி' வெளியே வரவில்லை. வந்தது மேல் பல் செட்டு. பின்னாலேயே கீழ் செட்டு. இரண்டும் ஈர மணலில் விழுந்து ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து ஜடையனைப் பார்த்துச் சிரித்தன.

கை நீட்டினால் எடுத்துவிடலாம். ஒரு முழ தூரம்தான். பன்னிரண்டாயிரம் ரூபாய். நீட்ட வேண்டுமானால் கயிற்றிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். ஜடையனின் வலது கை ஒரு கணம் துடித்ததென்னவோ நிஜம். முப்பத்தைந்து வருஷமாக மூட்டை தூக்கிய கை அது. சரிந்ததைப் பிடிக்காமல் நின்றது. அலை வந்தது, பல்லை எடுத்தது, போனது.

"போ" என்றான் ஜடையன். பல் இல்லாததால் 'ஹோ' என்றுதான் கேட்டது.

விசில் ஊதிக்கொண்டு மஞ்சள் பனியன் போட்ட கடற்கரைக் காவலர் ஓடி வந்தார். அவரும் ஜடையனும் சேர்ந்து சுரேந்தரைக் காய்ந்த மணலுக்கு இழுத்துப் போட்டார்கள். காவலர் மூச்சு வாங்கக் கன்னடத்தில் திட்டினார். "நாய்க்கு நாலு காலு, அது எப்படியாவது ஏறி வந்துரும். உங்களுக்கு ரெண்டுதான். இங்க நாங்க நாயை இழுத்ததே இல்ல. நாய் பின்னாடி போனவங்களைத்தான் இழுக்கறோம். கரையிலயே நடந்து போய், அது ஏறுற எடத்துல நின்னு கூப்புடுங்க. போர்டுல நாலாவது வரி அதான். யாராவது படிக்கறீங்களா?"

ஜடையன் கை தூக்கினான். மூன்று வரி வரைக்கும் படித்தவன் அவன் ஒருவன்தான்.

கரையோரமாக இருநூறு அடி நடந்ததும் கேசரி கிடைத்தது. பொரி விற்கிறவரின் வண்டி அடியில் உட்கார்ந்து, சிந்திய பொரியைத் தின்றுகொண்டிருந்தது. சுரேந்தர் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். கேசரி பொரியைப் பார்த்துக்கொண்டே கட்டிக்கொள்ள விட்டது. பொரிக்காரர் இருபது ரூபாய் கேட்டார்.

திரும்பி வரும்போது காரில் ஜடையன் கணக்குப் போட்டான். பல்லும் இல்லை, பாக்கியும் இருக்கிறது. அம்மா பேசுவதாகச் சொன்னார்கள். ஆனால் கல்லாவில் உட்காருகிறவர் முதலாளி. அந்தக் கல்லா இதுவரைக்கும் யாருக்கும் ஒரு ரூபாய் விட்டதில்லை.

திங்கட்கிழமை காலையில் கயிற்றுக் கடை அய்யாசாமி மண்டி வாசலில் நின்றார். "சனிக்கிழமை வாங்கின கயிறு, நூத்தியெம்பது."

சுரேந்தர் மெதுவாக ஜடையன் பக்கம் திரும்பினார்.

"மாதேஸ்வரன் மலையில இருந்து வந்துச்சுன்னியே?"

ஜடையன் தராசைப் பார்த்தான். தராசு உதவவில்லை.

"மலைக்குப் போற பஸ்ஸு இவரு கடை வழியாத்தானுங்களே போகுது" என்றான். பொக்கை வாயில் அது பாதிதான் வெளியே வந்தது.

கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்த லீலா நூற்றெண்பது ரூபாயை எடுத்து அய்யாசாமியிடம் நீட்டினார். "கயிறு எங்க வீட்டுக்கே இருக்கட்டும். இவரு இருக்காரே, எப்பவும் தேவைப்படும்." பிறகு கணக்குப் புத்தகத்தைப் புருஷன் முன்னால் தள்ளினார். சுரேந்தர் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கயிறு அழுத்திய இடம் இன்னும் கன்றிப்போய்த்தான் இருந்தது. பேனாவை எடுத்தார். வைத்தார். திரும்ப எடுத்தார். எழுதிவிட்டுப் புத்தகத்தை ஜடையன் பக்கம் திருப்பினார்.

"படி. நீதான் எல்லாத்தையும் படிப்பியே."

ஜடையன் விரலை வைத்துக் கூட்டினான். "ஜ-டை-யன்… ப-ல்… எட்-டா-யி-ர-த்-து… அறு-நூ-ற்-று… நா-ற்-ப-து… க-ட-லு-க்-கு-ப்… போ-யி-ற்-று. பா-க்-கி… இல்-லை." கடைசிப் புள்ளி வரைக்கும் படித்தான். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. பழைய பாக்கியின் குறுக்கே இரண்டு கோடு அடித்திருந்தது.

வாய் அவனை அறியாமல் திறந்துகொண்டது. ஒரு பல்கூட இல்லாமல், ஈறு முழுக்கத் தெரிய, ஜடையன் சிரித்தான்.

சுரேந்தரும் பழக்கத்தில் வாயைத் திறந்தார். "பாத்து சிரி ஜடையா, அது—"

அந்த வாயில் இப்போது அவருடைய பல் ஒன்றுகூட இல்லை. மூடிக்கொண்டார்.