வெள்ளைப் பக்கத்தில் ஒரு சொல்

மெத்தைக் கடையின் இணையதளம் அன்று வெள்ளையாகக் கிடந்தது. நீளமும் அகலமும் கொடுத்தால் விலையைச் சொல்லி ஆர்டர் வாங்கிக்கொள்ளும் பக்கம் அது. இப்போது திறந்தால் துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்பு மாதிரி வெறும் வெள்ளை. பிழை என்று ஒரு வரி வந்தாலாவது எங்கே இடிக்கிறது என்று பார்க்கலாம். அதுவும் வரவில்லை.

கடையின் மாடி அறையில், கம்ப்யூட்டர் முன்னால் இளைய மருமகள் வியர்த்துக்கொண்டிருந்தாள். மூத்த மருமகள் காபி டம்ளரோடு கதவில் சாய்ந்து நின்று அதை ரசித்துக்கொண்டிருந்தாள். ரசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு நாகரிகமான வார்த்தை எதுவும் இதற்குப் பொருந்தாது. சின்னவள் இந்த வீட்டுக்கு வாழ வந்த பிறகு பெரியவளுக்குக் காபி இனித்தது அன்றுதான்.

அந்த இணையதளத்தை முதன்முதலில் கட்டியது பெரியவள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வீடியோ பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வரியாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு கட்டினாள். அதற்கு மாமனார் சொன்ன ஒரே பாராட்டு, "பக்கம் தொறக்க லேட்டாகுதும்மா" என்பது. அப்புறம் கம்ப்யூட்டர் படித்த சின்னவள் வந்தாள். ஆர்டர் பக்கத்தைப் பிரித்துப் போட்டுப் புதிதாக எழுதினாள். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர், போகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று எல்லாரிடமும் மாமனார் போனை நீட்டி, "எங்க சின்ன மருமக செஞ்சது" என்றார். ஒவ்வொரு தடவையும் பெரியவளுக்கு அடிவயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். புருஷனிடம் சொல்லி அழலாம் என்று போனால் அவன் நுரைப்பஞ்சை அறுப்பதை நிறுத்தாமலே, "கடை நடக்குதுல்ல, விடு" என்றான். நல்ல புருஷன்.

இப்போது இன்னொரு கடை திறக்கப்போகிறார்கள். இரண்டு கடை ஆர்டரையும் ஒருத்தி கையில் கொடுப்பது, அவளுக்கென்று கதவு வைத்த தனி அறை ஒன்று கட்டுவது என்று மாமனார் முடிவு செய்திருந்தார். அந்த ஒருத்தி யார் என்பதை அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது சொல்வதாக இருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவளின் பக்கம் வெளுத்துப்போயிருந்தது. பெரியவளுக்குக் காபி இனிக்காமல் என்ன செய்யும்?

ஒரு சின்ன விஷயம் மட்டும் அவள் நினைவில் இல்லை. அன்று காலையில், யாரும் வருமுன் அவள் ஆர்டர் பக்கத்தின் ஃபைலைத் திறந்திருந்தாள். ஆர்டர் முடிந்ததும் 'நன்றி, மீண்டும் வருக' என்று வரும்படி சின்னவள் எழுதியிருந்தாள். இதையெல்லாம் ஒரு எழுத்து என்று மெச்சுகிறார்களே என்று பெரியவளுக்கு ஆற்றாமை. அதை அழித்துவிட்டு, 'உங்கள் "சுகநித்திரை" எங்கள் பொறுப்பு' என்று போட்டாள். சொல்லின் கம்பீரத்துக்காக இரண்டு பக்கமும் மேற்கோள் குறி. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாகச் சேமித்து மூடிவிட்டுக் கீழே போனாள். பக்கம் வேலை செய்கிறதா என்று திறந்து பார்க்கவில்லை.

அதற்கப்புறம் சின்னவள் வந்து, எந்தத் தேதியில் மெத்தை வேண்டும் என்று கேட்கும் கட்டம் ஒன்றைச் சேர்த்தாள். திறந்து பார்த்தால் வெள்ளை. பழி முழுக்க தேதிக் கட்டத்தின் மேல் விழுந்தது. பெரியவளும் மனசாரவே அப்படித்தான் நம்பினாள். பொறாமைக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் அது எதிர்வீட்டை மட்டும்தான் பார்க்கும்.

"கட்டத்தை எடுத்தே பாத்துட்டேன் அக்கா, அப்பவும் வரல," என்றாள் சின்னவள். "எரரைக் காட்டுன்னு மேலயே ரெண்டு வரி எழுதியிருக்கேன். அதையும் மதிக்க மாட்டேங்குது. சர்வர்காரங்களுக்குப் போன் போட்டா, காத்திருங்கன்னு பாட்டு போடுறாங்க. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

"நீ படிச்சவ. நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள் பெரியவள்.

கண்டிருந்தாள். பார்த்ததுமே தெரிந்துபோயிற்று. ஃபைலில் எங்கேயாவது எழுத்திலேயே தப்பு இருந்தால் சர்வர் ஒரு வரியைக்கூட ஓட்டாது. பிழையைக் காட்டு என்று மேலே எழுதிய இரண்டு வரியும் அதோடு சேர்ந்து செத்துப்போகும். மயங்கி விழுந்தவனிடமே போய், டாக்டருக்குப் போன் பண்ணு என்பது போலத்தான். அந்த இரண்டு வரியை வேறொரு சின்ன ஃபைலில் எழுதி, அதிலிருந்து இந்த ஃபைலைக் கூப்பிட வேண்டும். பழைய நாட்களில் இதே வெள்ளையின் முன் தனியாக உட்கார்ந்து அழுது கற்றுக்கொண்ட பாடம். அதை இவளுக்கு எதற்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும்?

மாமனார் மூச்சு வாங்க மேலே வந்தார். "விடுதிக்காரர் லைன்ல இருக்காரு. மொத்த ஆர்டர். பக்கமே வரலங்கிறாரு. உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது இது தெரியுமா, தெரியாதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் பெரியவள் காத்திருந்தாள். டம்ளரை வைத்தாள். "கொஞ்சம் தள்ளிக்கோம்மா," என்று நாற்காலியை வாங்கிக்கொண்டாள். புது ஃபைல் ஒன்றைத் திறந்து மளமளவென்று எழுதி, அதைப் பிரௌசரில் ஓடவிட்டாள். வெள்ளைத் திரையில் ஒரு வரி எழுந்து வந்தது. முழுக்க ஆங்கிலம். நடுவில் மட்டும் ஒரே ஒரு தமிழ்ச் சொல்: சுகநித்திரை. இதை இங்கே எதிர்பார்க்கவில்லை, நூற்றுப் பன்னிரண்டாம் வரி என்று சர்வர் சொல்லியது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? காலையில் செய்தது பெரியவளுக்கு நினைவு வந்தது. காது மட்டும் சிவந்தது.

ஆங்கிலத்தை விட்டுவிட்டு மாமனார் அந்தச் சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார். "சுக... நித்திரை. இத யாரு எழுதினது?"

பேரனின் பிறந்தநாள் அழைப்பில் 'அகமகிழ்வுடன்' என்று போட்டவள் அந்த வீட்டில் ஒருத்திதான். சின்னவள் திரையைப் பார்த்தாள். மவுஸின் மேல் விறைத்துப்போயிருந்த கையைப் பார்த்தாள்.

"நான்தான் மாமா," என்றாள். "நன்றி சொல்ற இடத்துல மாத்தி எழுதிப் பாத்தேன். வாக்கியமே மேற்கோள் குறிக்குள்ளதான் இருக்கு. அதுக்குள்ள இன்னொரு குறி போட்டுட்டேன், வாக்கியம் அங்கயே முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சு சர்வர் தடுக்கிடுச்சு."

"அவசரக்குடுக்கை," என்றார் மாமனார். "பெரியவ எப்படி நிதானமாக் கண்டுபிடிச்சா பாரு. சாப்பாடு வரைக்கும் எதுக்கு, இப்பவே சொல்லிடுறேன். ரெண்டு கடையையும் பெரியவளே பாத்துக்கட்டும்." சொல்லிவிட்டு விடுதிக்காரருக்குப் பதில் சொல்லக் கீழே இறங்கிப் போனார்.

குறிகளை நீக்கியதும் பக்கம் உயிரோடு வந்தது. அறை கிடைத்துவிட்டது. கதவும் கிடைத்துவிட்டது. பெரியவள் திரும்பினாள்.

"எதுக்குடி அப்படிச் சொன்ன?"

"உங்க முகத்தைப் பாத்தேன் அக்கா, கஷ்டமாப் போச்சு. எனக்குத் திட்டு விழுந்தா சாயங்காலத்துக்குள்ள மறந்துடுவேன். உங்களால அது முடியாது. விடுங்க," என்றாள் சின்னவள். குத்தல் இல்லை, கேலி இல்லை. குத்திக் காட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்தப் பெருந்தன்மையை என்ன செய்வது? படிப்பைப் பார்த்து எரிந்தாயிற்று, பக்கத்தைப் பார்த்து எரிந்தாயிற்று. திட்டை மறந்துவிட்டுத் தூங்கப்போகிற இந்த மனசைப் பார்த்ததும் முன்னே எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இவள் போட்ட பிச்சையிலா நான் அந்த அறையில் உட்காருவது?

விடுவிடுவென்று படியிறங்கினாள். கீழே மாமனார் போனை வைத்துவிட்டு, மகன் பஞ்சு அறுப்பதைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"மாமா, அந்த வார்த்தை நான் எழுதினது. பக்கத்தைக் கெடுத்தது நான்தான். அவ இல்ல."

இதை நேர்மை என்று யாரும் மெச்ச வேண்டாம். நல்லவள் என்ற பேரும் சின்னவளுக்கே போய்விடக் கூடாது, அவ்வளவுதான் அவள் எண்ணம். வாயை விட்டு வார்த்தை போன பிறகுதான் அந்தப் பேர் யாரைத் தேடிப் போகப்போகிறது என்று அவளுக்கு உறைத்தது.

மாமனார் திட்டவில்லை. "அப்ப அவ ஏன் தான்தான்னு சொன்னா?"

பஞ்சு அறுக்கும் கத்தி நின்றது.

"உன்னைக் காப்பாத்தவா?" மாமனாரின் குரல் தழுதழுத்தது. "கிடைக்க இருந்த இடத்தையே விட்டுட்டுப் பழியை வாங்கிக்கிட்டாளே! இப்படி ஒரு மனசு இருக்கிறவ கையிலதாம்மா ரெண்டு கடையும் இருக்கணும். நீயும் ஒத்துக்குவ."

"ஒத்துக்கிறேன் மாமா," என்றாள் பெரியவள்.

பின்னாலேயே இறங்கி வந்த சின்னவள் பதறினாள். "ஐயோ, வேண்டாம் மாமா! அக்காதான் இதுக்கு..." அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மாமனாரின் முகம் பூரித்துக்கொண்டே போனது.

பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள். அழுதால் சின்னவள் ஓடி வந்து கண்ணைத் துடைத்துவிடுவாள்.