எப்சிபாவின் சத்துமாவு

என் தங்கை எப்சிபா தோஹாவில் பந்தயம் ஓடுவதற்கு இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை லேப்பில் எனக்கு அரைநாள்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா அடுப்பின் முன்னால் நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். போன மாதம் வரை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் சமைப்பாள். இப்போது ஸ்டூல் மூலையில் கிடந்தது, அதன் மேல் வெங்காயக் கூடை.

கைப்பையில் அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் நானே ரத்தம் எடுத்து, நானே மெஷினில் வைத்தேன். சர்க்கரை இருநூற்று நாற்பது. நம்பாமல் இன்னொரு முறை வைத்தேன், அதே எண்தான். லேப் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, அம்மா ஏதாவது நாட்டு மருந்துப் பொடி சாப்பிடுகிறாளா, முகம் ஊதியிருக்கிறதா என்று கேட்டார். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். மூட்டு வலிக்கு என்று விற்கிற சில பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலப்பார்கள், வலி ஒரே நாளில் நிற்கும், முகம் வட்டமாகும், சர்க்கரை ஏறும் என்றார். நான் வேதியியல் படித்தவள். அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் அந்தப் பொடியை எடுத்துத் தரச் சொன்னேன். மூட்டு வலிக்கு என்று குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் ஒரு வைத்தியரிடம் வாங்குகிறாள். டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு ஸ்பூன் அளவுதான் இருந்தது. போன மாதக் கடைசியில்தான் இரண்டு மாதத்துக்கானதை மொத்தமாக வாங்கி வந்தாள். மீதி எங்கே என்று கேட்டேன்.

அம்மா அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். அடுப்பை அணைத்தாள். “எப்சிக்குப் போட்டேன்” என்றாள்.

பயிற்சி முகாமுக்கு நான்கு நாள் விடுமுறை விட்டு எப்சிபா வந்திருந்தபோது அவளுக்குப் பின்தொடையில் பிடிப்பு இருந்தது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தாள். இந்தியத் தொடர் ஓட்ட அணியில் ஆறு பேர், ஓடுவது நான்கு பேர். எப்சிபா அப்போது ஆறாவது ஆள். வலியைச் சொன்னால் அந்த ஆறிலும் இருக்கமாட்டேன் என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாள். அம்மா தன் பொடியைக் கொடுக்கப் போக, எப்சிபா டம்ளரைத் தள்ளிவிட்டாள். எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். எப்சிபாவுக்குச் சளி பிடித்தாலும் யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. மாத்திரைப் பெயரை எனக்கு அனுப்புவாள், நான் தடை செய்த மருந்துகளின் பட்டியலில் பார்த்துச் சொல்வேன், அப்புறம்தான் விழுங்குவாள். கடையில் விற்கிற சத்துப் பொடிகளையும் தொடமாட்டாள். அம்மா வறுத்துத் திரிக்கிற கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு சத்துமாவு மட்டும்தான். வீட்டு மாவு, அதில் என்ன இருக்கப்போகிறது.

அந்த மாவில்தான் அம்மா பொடியைக் கலந்திருந்தாள். சாரல் விழுந்து மாடியில் எதுவும் காயாத வாரம் அது. தானியத்தை அடுப்பில் ஈரம் போக வறுத்து, மில்லில் கொடுத்து, சலித்து, கடைசியில் பொடியைப் போட்டு, கசப்பு தெரியாமல் இருக்க ஏலக்காயைக் கூடுதலாகச் சேர்த்து, இரண்டு எவர்சில்வர் டப்பாக்களில் அழுத்தி அடைத்திருக்கிறாள். எப்சிபா காலையும் சாயங்காலமும் பாலில் கரைத்துக் குடிக்கிறாள். முகாமில் குடித்தாள். தோஹாவிலும் குடிக்கிறாள். வலி போயே போச்சு என்று முதல் வாரமே போனில் சொன்னாள். அடுத்த தேர்வோட்டத்தில் மூன்றாவதாக வந்து, நால்வரில் ஒருத்தி ஆனாள். அன்று அப்பா கடையில் வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

நான் அம்மாவைத் திட்டவில்லை. காலை ஆறு மணியிலிருந்து ஊசியும் கையுமாக நின்ற வலி கால் முழுக்க இருந்தது. அந்த ஸ்டூலில் இருந்த கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன். பந்தயம் முடிந்ததும் சிலரைக் கூப்பிட்டுச் சிறுநீர் எடுப்பார்கள், ஸ்டீராய்டு இருந்தால் அதில் தெரிந்துவிடும். ஜெயித்தவர்களை அநேகமாக எடுப்பார்கள். தொடர் ஓட்டத்தில் ஒருத்தி மாட்டினால் நாலு பேருக்கும் பதக்கம் இல்லை. எப்சிபாவை வருடக்கணக்கில் ஓடவிடமாட்டார்கள். பேப்பரில் பெயர் வரும்.

“மலை மருந்துட்டி அது. வேரும் பட்டையும்” என்றாள் அம்மா.

சர்க்கரைத் தாளை அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு அந்த எண் புரியும், அவளுடைய அண்ணன் சர்க்கரையில்தான் கால் போய் இறந்தார். தாளை மடித்துத் திரும்ப என்னிடமே கொடுத்தாள். வைத்தியரிடம் கேட்டுவிட்டு வருவோம், ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் என்றாள். எப்சிபாவின் போன் பயிற்சியாளரிடம் இருந்தது, சாயங்காலம் ஏழரைக்குத்தான் அவள் கூப்பிடுவாள். அதுவரை வீட்டில் உட்கார்ந்திருக்க எங்கள் இரண்டு பேராலும் முடியாது.

கிளம்பும் முன் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவருக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை. யாரோ குடத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடித்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் குடத்தின் விலையைத்தான் பேசினார். பிறகு கடைக்குள் போய்க் குரலைத் தாழ்த்தினார். கோயில் ஹாலில் ஓட்டத்தைப் பார்க்கத் திரை கட்டியாகிவிட்டது, நாளைக்கு ஆராதனையில் சர்ச் ஐயர் அவளுக்காக ஜெபிக்கப்போகிறார், தோஹாவில் வேலை பார்க்கிற கடையநல்லூர் அஃப்சல் லீவு போட்டுவிட்டு ஸ்டேடியத்துக்குப் போகிறான், தென்காசி என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறானாம் என்றார். இதெல்லாம் எனக்கும் தெரியும்.

“ஓடி முடிக்கட்டும்மா. எல்லாரையுமா டெஸ்ட் எடுக்குதான்? பொறவு பாப்போம்” என்றார்.

குற்றாலம் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. சீசன். தலையில் துண்டைக் கட்டிய ஆட்கள், எண்ணெய் பாக்கெட்டைக் கையில் பிடித்த பெண்கள். அம்மா கம்பியைப் பிடித்து நின்றாள். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தபோது வேண்டாம் என்றாள். நிற்க முடிகிறது என்பதை எனக்குக் காட்டுகிறாளோ என்று நினைத்தேன். இலஞ்சி தாண்டும்போது என் காதருகே குனிந்தாள்.

“நீ அவட்ட சொல்லீராத கிறிஸ்டி. அவ என்னைய மன்னிக்கவே மாட்டா.”

நான் வெளியே பார்த்தேன். எனக்கு யாரிடமும் எதையும் சொல்லிப் பழக்கம் இல்லை. லேப்பில்கூட முடிவு மோசமாக இருந்தால் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, டாக்டர்கிட்ட காட்டுங்க என்று சொல்லிவிடுவேன். வீட்டில் பேசுகிறவர்கள் அம்மாவும் எப்சிபாவும்தான். எப்சிபாவுக்கு ஓட முடியாமல் போனால் என்னவாகும் என்று யோசித்தேன். அவளுக்கு வேறு எதுவும் தெரியாது, அவளும் வேறு எதையும் கேட்டதில்லை. சொன்னால் நாளைக்கு அவள் இடத்தில் இன்னொரு பெண் ஓடுவாள், இவள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காமல்கூடப் போகலாம். இந்த ‘போகலாம்’தான் என்னைக் களைப்பாக்கியது.

வைத்தியரின் அறை ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் இருந்தது. முன்னால் ரம்புட்டான் விற்கிறவன் குடையை விரித்திருந்தான். ஈரத் துணியோடு ஆட்கள் உள்ளே வந்து போனதில் தரை முழுக்கச் சேறு. வைத்தியர் நாற்காலியில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன தாயி, நடையப் பாத்தாலே தெரியுதே. இனி அருவிக்கு மேல ஏறிருவிய போல.”

அம்மா சிரிக்கவில்லை. இதில் என்ன இருக்கிறது அண்ணாச்சி, இங்கிலீஷ் மாத்திரை ஏதும் கலக்கிறீர்களா என்று நேராகவே கேட்டாள். அவளுக்குச் சுற்றிப் பேசத் தெரியாது. அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். தைலம் மட்டும்தான் தன் கையால் காய்ச்சுவது, அது அவருடைய அப்பா காலத்துப் பக்குவம், அதில் சந்தேகம் வேண்டாம் என்றார். பொடி அப்படி இல்லை. அது டின்னில் வருகிறது. ஒரு ஆள் மாதம் ஒரு முறை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறான். யார் அரைக்கிறார்கள், எங்கே அரைக்கிறார்கள் என்று இவர் கேட்டதில்லை.

“கேட்டா குடுக்க மாட்டான். அது இல்லன்னா இங்கன ஒருத்தரும் ரெண்டாந்தடவ வர மாட்டாவ” என்றார். “நானே அதத்தான் திங்கேன், தாயி. இந்த முட்டியோட ஒக்காந்து பொழப்ப பாக்கணும்லா.”

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கன்னங்கள் உப்பி, கண்கள் சிறுத்து, முகம் வட்டமாக இருந்தது. கை மட்டும் மெலிந்து, தோல் காகிதம் போல. அதில் அங்கங்கே கருநீலத் திட்டுகள், இடித்துக்கொண்டது போல. நீங்கள் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். என் குரல் அவருக்குக் கேட்டிருக்காது. மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் தைலம் வாங்க இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

வெளியே வந்து அம்மா ஒரு கடைப் பலகையில் உட்கார்ந்தாள். அருவிச் சத்தம் அந்த இடம் வரை கேட்டது. சாரல் அவள் தலையில் பொடியாக நின்றது. டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை போடாமலா என்று கேட்டாள், போடாமல்தான் என்றேன். குடித்தாள். பாதி டம்ளரில், எப்சிபா குழந்தையாக இருந்தபோது மருந்தைத் துப்பிவிடுவாள், அதனால் எப்போதும் எதிலாவது கலந்துதான் கொடுப்பேன் என்றாள். எனக்கு அப்படிக் கலக்கவேண்டிய அவசியமே வந்ததில்லையாம். நான் கொடுத்ததைக் குடித்துவிடுவேனாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை. நான் போனில் எப்சிபாவுக்கு எழுதினேன். மாவைக் குடிக்காதே. அழித்தேன். ஏன் என்று கேட்பாள். டீம் டாக்டரிடம் போ என்று எழுதினேன். அதையும் அழித்தேன். ஒரு ஓட்டக்காரிக்கு அவளுடைய பந்தயத்துக்கு முந்தின நாள் எழுதக்கூடிய வாக்கியம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருந்தார். மதியம் பொரித்த அப்பளம் நமுத்துப்போய்த் தட்டில் கிடந்தது. அப்பா அதை எடுத்துத் தின்றார். நான் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எப்படி இருக்கே என்று கேட்க வேண்டும். பிறகு தனியாக வரச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் வரவில்லை.

ஏழரை தாண்டிப் போன் அடித்தது. வீடியோ. எப்சிபா ஈரத் தலையோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல், வெளியே இன்னும் வெயில். இன்று பேட்டன் குச்சியைக் கைமாற்றும் பயிற்சி பிரமாதம், ஒரு தடவைகூடத் தவறவில்லை, கோச் என்னைப் பார்த்துச் சிரித்தார், அந்த ஆள் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அப்பா தலையை நீட்டி, அஃப்சல் எந்தப் பக்கம் உட்காருவான் என்பதைச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் எழுந்து வாசலுக்குப் போனார்.

“என்னட்டி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? லேப்ல ரத்தத்த எடுத்தியா குடுத்தியா?” என்றாள் எப்சிபா என்னிடம்.

நான் வாயைத் திறந்தேன். எப்படி இருக்கே என்று கேட்டேன். நல்லா இருக்கேன் என்றாள். அதோடு நின்றது.

அவள் பின்னால் திரும்பி யாரையோ கையாட்டிக் கூப்பிட்டாள். உயரமான ஒரு பெண் திரைக்குள் வந்தாள். அரியானாக்காரி, பெயர் சுமன், நாளைக்கு எப்சிபாவிடமிருந்து பேட்டனை வாங்கிக் கடைசிச் சுற்று ஓடுகிறவள். இரண்டு கையிலும் டம்ளர் வைத்திருந்தாள். ஒன்றை எப்சிபாவிடம் கொடுத்துவிட்டு எங்களுக்கு வணக்கம் வைக்கப் பார்த்தாள். கையில் டம்ளர் இருந்ததால் தலையை மட்டும் குனிந்தாள்.

“எம்மா, ஒன் மாவுக்கு இங்க ஆள் சேந்துட்டு. தோஹா வந்ததுல இருந்து இவளும் குடிக்கா. ஏலக்கா வாசம் புடிச்சுப் போச்சாம். அடுத்த தடவ நாலு டப்பா போடணும் பாத்துக்க.”

போனை அம்மா என் கையிலிருந்து வாங்கினாள். அவள் எப்போதும் திரையை முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பேசுவாள், நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்று எப்சிபா திட்டுவாள். இப்போது கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள், தன் முகம் முழுவதும் தெரியும்படி.

“எப்சி. அதக் கீழ வையி. அந்தப் புள்ளையையும் வைக்கச் சொல்லு” என்றாள் அம்மா. “நீ வேண்டாம்னு சொன்ன பொடிய, நான் அந்த மாவுல கலந்துட்டேன்.”

எப்சிபாவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, மேலுதட்டில் படிந்திருந்த பால் நுரையைப் புறங்கையால் துடைத்தாள்.