கவிழ்த்துப் போட்டு வெட்டிய படம்

வெர்னா ஸ்பாஞ்ச் கேக்கும் கையுமாக வாசலில் வந்து நின்றபோது நான் என் மனைவி தைத்த பைகளின் தோல் வாருக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் புருஷன் கிளெம் செத்துப்போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. துக்க வீட்டுக்கு நாங்கள்தான் எதையாவது செய்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் எங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்றால் ஏதோ கேட்க வந்திருக்கிறாள்.

என் மனைவி நொலீன் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். முப்பது வருஷம் கான்வாஸில் எண்ணெய்ச்சாயம் தீட்டியவள் அவள். ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கிற எங்கள் கிங் தீவில் அவள் வரையாத பாறையும் கிடையாது, பசுவும் கிடையாது. வாங்கத்தான் ஆள் கிடையாது. போன குளிர்காலத்தில் ஊர் மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். மொத்த ஊரும் வந்தது, ஒயினைக் குடித்தது, போய்விட்டது. மறுநாள் காலை நொலீன் ஒரு படத்தைச் சட்டத்திலிருந்து உரித்துக் கடைக்குப் போகிற பை ஒன்று தைத்தாள். அவ்வளவுதான், அதற்குப் பறந்தார்கள். கோல்ஃப் ஆட விமானத்தில் வருகிறவர்களின் மனைவிமார் ஆளுக்கு இரண்டு என்று அள்ளிக்கொண்டு போனார்கள். சுவரில் மாட்ட மறுத்ததைத் தோளில் மாட்டிக்கொள்ள என்ன அவசரம்! எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். வீட்டில் சாயம் கரைக்கிற டர்பன்டைன் நாற்றம் போயிருந்தது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. படத்தை மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்து வெறும் துணியில் பென்சிலால் கோடு கிழித்து வெட்டுவாள்.

"திருப்பிப் பாத்து நல்ல இடமா வெட்டேன், நொலீன்."

"பாத்தா கத்தரி ஓடாது, ராஸ். உன் வேலையப் பாரு."

வெர்னா உட்காரவில்லை. "அந்தப் படம் இருக்குல்ல, கிளெம் படம். அத எனக்குக் குடுத்துடுடி" என்றாள்.

கடல்பாசி அள்ளி லாரியில் ஏற்றுகிறவன் கிளெம். எங்கள் சமையலறையில் டீக்கோப்பையைப் பிடித்துக்கொண்டு, ஒரு புருவத்தைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தவனை நொலீன் வரைந்திருந்தாள். "இது என் புருஷனா, வேகவெச்ச நண்டா?" என்று அன்றைக்கு வெர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். கிளெமும்தான் சிரித்தான். படத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

"கேமராவக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்குவான், பாவி. வீட்டுல இருக்கிற போட்டோ பூரா தொப்பியும் தாடியுந்தான். நான் பேசறப்ப புருவத்தத் தூக்கிக்கிட்டுக் கேப்பான் பாரு, அது அதுல மட்டுந்தான்டி இருக்கு. கண்ண மூடினா நான் நண்டுன்னு சொன்னது ஞாபகம் வருது, அவன் மூஞ்சி வர மாட்டேங்குது."

கொட்டகையில் தேடிப் பார்க்கிறேன் என்று நொலீன் சொல்வாள், நாலு நாள் தள்ளலாம் என்று நினைத்தேன். அவளுக்குப் பொய் வராது.

"வெட்டிட்டேன், வெர்னா."

"எத?"

"கவுத்துப் போட்டுத்தான் வெட்டினேன். தெச்சு முடிச்சு உள்பக்கத்த வெளிய இழுத்தப்பதான் தெரிஞ்சுது. ரெண்டு பை. கை இருக்கிறது தபால் ஆபீஸ் கோரல்கிட்ட இருக்கு. மூஞ்சி... ஒரு கோல்ஃப்காரன் பொண்டாட்டி வாங்கிட்டுப் போனா. மெல்போர்னோ சிட்னியோ, தெரியல. யாரும் வேணாம்னு சொன்ன படம்தானேன்னு நெனச்சுட்டேன்டி."

"மூஞ்சி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

நொலீன் மேசைமேல் கிடந்த நூல்கண்டை எடுத்துச் சுற்றினாள். வெர்னா விடவில்லை, இன்னொரு தரம் கேட்டாள்.

"அடியில."

"தரையில வெக்கிற பக்கமா?"

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவளே கேக்கை வெட்டி எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு வைத்து, கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் நொலீன் மிச்சமிருந்த ஒரே வெள்ளைக் கான்வாஸை நிறுத்தி வைத்துச் சாயம் குழைத்தாள். மூக்கு வந்தது, தாடி வந்தது. புருவத்தைப் போட்டாள், துடைத்தாள், போட்டாள், துடைத்தாள். கடைசியில் துணியாலேயே மொத்தத்தையும் அழித்தாள். "பைக்கு அளவெடுக்கிற கண்ணாப் போச்சு, ராஸ். எங்க மடிக்கணும், எங்க தெக்கணும்னுதான் தெரியுது" என்று சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு அவள் தூரிகையையும் தொடவில்லை, மெஷினையும் தொடவில்லை.

சனிக்கிழமை கடையில் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் வெர்னா, அவளுக்கும் முன்னால் கோரல். கோரல் உருளைக்கிழங்கை நிரப்பிய பையை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு பர்ஸைத் துழாவினாள். பையின் பக்கவாட்டில் கோப்பையைப் பிடித்திருந்தது கிளெமின் கை. நொலீன் என் சட்டைக்கையை இறுக்கிப் பிடித்தாள். போய்விடலாம் என்று சொல்கிறாளா, இரு என்கிறாளா, புரியவில்லை.

"குடு கோரல், நான் புடிச்சுக்கறேன்" என்றாள் வெர்னா.

கோரல் காசு கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். "கனமா இருக்கும், குடும்மா."

"இருக்கட்டும். கார் வரைக்கும் நான் தூக்கிட்டு வரேன்."

கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் நகரவில்லை. கண்ணாடிக்கு வெளியே கோரல் காரின் பின்கதவைத் திறந்துவிட்டு, காற்றில் பறக்கிற முடியை ஒதுக்கியபடி காத்திருந்தாள். காருக்கு இரண்டடி தள்ளி வெர்னா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சாயத்தில் இருந்த அந்த விரல்களின் மேல் தன் விரல்களைப் பொருத்தி வைத்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.