சொந்த மைலில் ஒரு பயணம்

இதில் ஒரு வரி பொய்யென்றாலும் காசிமேட்டு வலைகளில் ஒரு மாதத்துக்கு மீன் படாமல் போகட்டும். அத்தனையும் நடந்தது.

திருவொற்றியூரில் கிரேன் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் கிருஷ்ணப்பனுக்கு விமான மைல் சேர்ப்பதில் பித்து; பறந்த தூரம் கணக்கில் ஏற ஏற இலவச டிக்கெட் கிடைக்கும். மதுரைக்குப் போவதென்றாலும் டெல்லி சுற்றித்தான் போவார். மணலியிலிருந்து பக்கத்து மாத்தூருக்கு விமானம் விட்டால் அதிலும் ஜன்னல் சீட்டு கேட்பார். அப்படிச் சேர்த்த மைலில்தான் ஃபிட்டர் நசீரை மும்பைத் துறைமுக வேலைக்கு அனுப்பினார். வேலை கொடுத்தவர்களிடம் முழு டிக்கெட் விலையையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் சொந்த மைலு நைனா. வேற எந்த மொதலாளி குடுப்பான்?"

அந்த நன்றிக்காக நசீர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

ஒருநாள் விடிந்ததும் தங்கை சபீஹா போன் செய்தாள். "அம்மா பூட்டாங்கண்ணா. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். நீ வந்து மண்ணு போட்டுடு."

பெற்றவளின் குழியில் மூன்று பிடி மண். நசீருக்கு வேண்டியது அவ்வளவுதான். திரும்பும் டிக்கெட் அடுத்த வாரத்துக்கு இருந்தது. அதை மாற்ற மைலுக்குச் சொந்தக்காரரால்தான் முடியும். புதிதாக வாங்கக் கையில் காசில்லை.

"மொதலாளி, அம்மா மவுத்தாயிட்டாங்க. டிக்கெட்ட இன்னிக்கி மாத்திக் குடுங்க."

"அடப்பாவமே. பெருநாளுக்குப் பெருநாள் பிரியாணி குடுத்தனுப்புன மவராசி. ஆனா மாத்துனா இன்னும் மைலு புடிப்பானே. பொண்ண சிங்கப்பூர் இட்டுனு போவ வச்சிகிறேன்."

"அப்ப பட்டறை செலவுல ஒண்ணு எடுங்க."

"டிக்கெட்டு துட்டு பார்ட்டிகிட்ட ஒரு தபா வாங்கிட்டேன். இன்னொரு தபா கேட்டா அது நாயமா, நீயே சொல்லு."

"நாயமில்லதான்," என்றான் நசீர்.

அந்தப் பதிலில் கிருஷ்ணப்பன் கரைந்துபோனார். தேம்பித் தேம்பி அழுது, சேர்த்த மைல் அத்தனையையும் கொட்டி, முழு விமானத்தையே நசீருக்குப் பிடித்துக் கொடுத்தார். அது மீனம்பாக்கத்தில் இறங்கவில்லை; நேரமாகும் என்று எண்ணூர் நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. டேங்கர் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. கபர்ஸ்தான் வாசலில் படிக்கட்டு போட்டார்கள். ஜமாத்தார் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். நசீர் மூன்று பிடி மண்ணையும் நிதானமாகப் போட்டான்.

நசீர் தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தது மறுநாள் மாலை, ரயிலில்.