மண்ணுக்குச் சொன்னது

ஏழாவது செய்திக்கும் ஒற்றை டிக்தான் விழுந்தது. ‘அண்ணே, டிரில்ல அழுத்தாத. அப்பா சொன்னது மண்ணுக்கு. நான்தான் பொய் சொல்லிட்டேன்.’ இங்கே கிள்ளானில் இரவு மணி பதினொன்று. அங்கே கனடாவின் வின்னிப்பெக்கில் காலை ஒன்பது. ரிஷி அண்ணன் இந்நேரம் உறைந்துபோன ஏரியின்மேல் நின்றிருப்பான். விஷ்ணுப்ரியா எட்டாவதைத் தட்ட ஆரம்பித்தாள். கழுத்தெல்லாம் வேர்வை.

இரண்டு வாரத்துக்கு முன் அவன் கூப்பிட்டதில் ஆரம்பித்தது. ஏரி உறைந்ததும் ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்களாம். ஆளுயரத் திருகாணி மாதிரி ஒன்றைக் கம்பியில்லா டிரில்லில் மாட்டித் துளைக்க வேண்டுமாம். “எந்த டிரில் தாங்கும்னு அப்பாகிட்ட கேளு லா. ஆனா எனக்குன்னு சொல்லிறாத.”

அப்பாவும் அவனும் பேசி இரண்டு வருடமாகிறது. குளிர்சாதன ஏர்கோன் மாட்டும் தன் தொழிலுக்கு மகன் வருவான் என்று அப்பா ராஜன் வேனில் அவன் பேரையும் எழுதி வைத்திருந்தார். அவனோ டிக்கெட் எடுத்த பிறகுதான் கனடா என்று வாயைத் திறந்தான். அதிலிருந்து இருவருக்கும் நடுவில் விஷ்ணுப்ரியாதான். பிறந்தநாள் வாழ்த்தோ காய்ச்சல் விசாரிப்போ, எல்லாம் அவள் வழியாகத்தான், யாருடையது என்று சொல்லாமல் போய்வரும்.

“ஸ்கூல் தோட்டத்துல குழி போடணும்பா” என்று அப்பாவிடம் புளுகினாள்.

அப்பாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. இருந்த மூன்று டிரில்லையும் ஹாலில் பேப்பர் விரித்து அடுக்கினார். “ஸ்பீட பாத்து ஏமாறாத பாப்பா, முறுக்குற பலம் பாக்கணும். பதினெட்டு வோல்ட், பிரஷ்லெஸ். சைட் ஹேண்டில் இல்லாதத தொடாத. ஸ்லோ கியர்ல வச்சி, உடம்பு கனத்தையே மேல போட்டு அழுத்து. மண்ணு, அப்பத்தான் எறங்கும்.”

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் இப்படித்தான் தூண்டில் சாமான்களைப் பரப்பி வைப்பார். ஸ்ரீ கெம்பாங்கானில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்கு மூவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போவார்கள், அவள் நடுவில் நசுங்கிக்கொண்டு. ரொட்டியைப் பிசைந்து முள்ளில் வைக்கும்போதே பாதியை ரிஷி தின்றுவிடுவான். “மீனுக்கு கொஞ்சம் மிச்சம் வைடா, சாப்பாட்டு ராமா!” என்று அப்பா கத்துவார். பிறகு யாரும் பேசமாட்டார்கள். அந்தப் பேசாமை வேறு. இப்போது வீட்டில் இருக்கிற பேசாமை வேறு.

அப்பா சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் அண்ணனுக்கு அனுப்பினாள். இன்றைக்குத்தான், சும்மா பார்த்த ஒரு வீடியோவில், கையில் மாவுக்கட்டோடு ஒருவன் சொன்னான்: ஐஸில் அழுத்தவே கூடாது, கத்தி தானாக இறங்கும், அழுத்தினால் கடைசியில் சிக்கிக்கொண்டு மணிக்கட்டையே முறுக்கிவிடும்.

அப்பா ஹாலில் நாளைய வேலைக்குச் செப்புக்குழாய்க்கு உறை சுற்றிக்கொண்டிருந்தார். அவள் அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். கை ஓங்குவார் என்று நினைத்தாள். அவர் டேப்பைக் கீழே வைத்தார்.

“ஐஸுக்கா? ஐஸுன்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்ல.”

“சொல்லக் கூடாதுன்னு அண்ணன்தான்…”

“எந்த டிரில் வாங்குனான்?”

“நீங்க சொன்னதேதான்பா.” அவன் அனுப்பிய படத்தைக் காட்டினாள். அவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஹேண்டில் மாட்டியிருக்கான். ரெண்டு கையால புடிச்சா ஒண்ணும் ஆவாது. அழாத.” பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, “அப்பன் சொன்னத கேட்டிருக்கான், பாரேன்.”

அவளுக்கு மூச்சு வந்தது. அந்தத் தைரியத்தில், ஏரியில் இறங்குமுன் அண்ணன் அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டுவிட்டாள். காற்று இரைய ரிஷி சிரித்தான். “பாப்பா, ஏரி இப்பத்தான் உறைஞ்சிருக்கு. இன்னும் ஒருத்தனும் வரல. மொத ஆளு நான்தான் லா, எடம் பூரா எனக்குத்தான்!”

இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். “இன்னொருக்கா போடு” என்றார். போட்டாள். முகம் இளகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்துவிட்டார். மடியிலிருந்த செப்புக்குழாய் தரையில் உருண்டு சுவரில் போய் முட்டியது. போனை அவள் கையிலிருந்து வாங்கி, மகன் போன பிறகு முதல்முறையாக அவன் எண்ணை அவரே அழுத்தினார். மணி போகவில்லை.

“பாப்பா,” என்றார், “அந்த ஐஸு எத்தன இன்ச்சு கனம்?”